95 அடித்தால் கார் நன்றாக ஓடுமா?



பெற்றோல் செட்டுக்குள் வாகனத்தை விட்டதும் "சேர், 92ஆ, 95ஆ?" என்று கேட்பார்கள். "92" என்று சொல்லும்போது நம்மில் பலருக்கும் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் புதுக் கார்க்காரர் "95 ஃபுல் டேங்க்" என்று உரத்துச் சொன்னால் இன்னும் இறங்குகிறது. விலை கூடியது என்றால் தரமும் கூடியதாகத்தான் இருக்கும், நம் வாகனத்துக்கு நாம் ஏதோ குறை வைக்கிறோம் என்று ஓர் எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு மாதாமாதம் ஒரு விலை கொடுக்கிறோம். 2025 ஜனவரியில் 92 ஒரு லீற்றர் 309 ரூபா, 95 ஒரு லீற்றர் 371 ரூபா. இடைவெளி 62 ரூபா. அதே ஆண்டு ஜூலையில் 92 305 ரூபாவாகவும் 95 341 ரூபாவாகவும் இருந்தது. இடைவெளி 36 ரூபா. 2022 ஜூன் 26ஆம் திகதி விலை ஏறியபோது 92 470, 95 550; இடைவெளி 80 ரூபா. விலை மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் இடைவெளி ஒருநாளும் இல்லாமல் போனதில்லை.

நாங்கள் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஒரே காரில் பாடசாலைக்குப் போய் வருகிறோம். அக்கரைப்பற்று - பொத்துவில் வீதியில் ஒரு பக்கம் 35 கிலோமீற்றர். கார் எங்களில் மூத்த சேருடையது, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய விட்ஸ். பெற்றோல் காசை நாலாகப் பிரிப்போம். சேர் எப்போதும் 95தான் அடிப்பார். யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

போன வருடம் எங்களோடு புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார். கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனம். நமது பகுதியில் ஓர் ஆண்பிள்ளை முதல் சம்பளம் எடுத்தால் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும், அத்திவாரம் போட்டு இரண்டு வருடமாக நிற்கிறது. இரண்டாம் மாதக் கணக்குப் பார்க்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "சேர், 92 அடிச்சா ஆகாதா?"

காருக்குள் ஒரே அமைதி. பிறகு மூத்த சேர் சொன்னார்: "தம்பி, எஞ்சின் போனா எண்ட கைக்காசிலதானே செய்யணும்."

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கிற காரைக் கண்ணைப் போலப் பார்ப்பது தவறல்ல. மறுபக்கம், தம்பி கடற்கரை வீதியில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவது பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார் என்று பிறகுதான் தெரிய வந்தது. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு, விடயத்தைத் தேடிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒக்டேன் என்றால் என்ன? நமக்கு 92, 95 என்றதும் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளி ஞாபகம் வருகிறது. மூன்று புள்ளி கூட எடுத்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை! ஆனால் இந்த எண் பெற்றோலின் சக்தியை அளப்பதில்லை. 92இலும் 95இலும் ஒரு லீற்றரில் இருக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே போய் நெருக்குகிறது. சரியான கணத்தில் ப்ளக் ஒரு பொறியைக் கொடுக்க, தீ ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். எந்த வாயுவையும் நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில், தீ வந்து சேரும் முன்பே மிஞ்சிய கலவை தானாக வெடித்தால் எஞ்சினில் 'டிக் டிக்' என்று ஒரு தட்டல் கேட்கும். கராஜில் நொக்கிங் என்பார்கள். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்குக் கேடு. அப்படி அவசரப்பட்டு வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஒக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 95 என்றால், 95 பங்கு ஐசோ ஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தட்டலை எவ்வளவு தாங்குமோ, அந்தப் பெற்றோலும் அவ்வளவு தாங்கும்.

ஆகவே இது சப்பாத்து அளவு மாதிரி. எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் சப்பாத்து வாங்கினால் வேகமாக ஓட முடியாது. கலவையைக் கூடுதலாக நெருக்கும் எஞ்சினுக்குக் கூடிய ஒக்டேன் தேவை. அப்படி இல்லாத எஞ்சினுக்கு 95ஐக் கொடுத்தால், அந்தக் கூடுதல் தாங்கும் சக்திக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்த கேள்வி, நமது காருக்கு எது தேவை? பதில் பெற்றோல் மூடியிலேயே இருந்தது. உள்பக்கம் ஜப்பானிய எழுத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர். இத்தனை வருடம் எல்லோரும் பார்த்ததுதான், வாசிக்கத்தான் தெரியாது. கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தோம். 'ஈயமற்ற சாதாரண பெற்றோல்' என்று இருந்தது.

ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு அவர்களுடைய தரநிர்ணயப்படி ஆகக்குறைந்த ஒக்டேன் 89. அங்கே விலை கூடிய பெற்றோலுக்கு ஆகக்குறைந்தது 96. ஒரு விட்ஸோ வேகன் ஆரோ அங்கே சாதாரண பெற்றோலில் ஓடத்தான் செய்யப்பட்டது. அந்த 89ஐ நமது 92 ஏற்கெனவே தாண்டிவிட்டது. டொயோட்டா அக்வாவின் நெருக்கல் விகிதம் 13.4 என்று சொல்லி 95 அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த எஞ்சினின் வால்வு பிந்தி மூடுவதால் உண்மையில் நெருக்கப்படும் கலவை குறைவு. அதுவும் ஜப்பானில் சாதாரண பெற்றோலில்தான் ஓடுகிறது. 660 சீசீ டர்போ வேன்களும் அப்படித்தான். டர்போ என்ற சொல்லைக் கண்டதும் பயப்பட வேண்டியதில்லை.

இந்தியாவில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் பல வருடங்களாக 91 ஆக இருந்தது. நமது ஊரில் ஓடும் ஓட்டோக்களும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் அங்கே அந்தப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. பெருநாளைக்கு பைக்குக்கு 95 அடித்துவிட்டு "இன்றைக்குப் பறக்குது மச்சான்" என்று சொல்லும் தம்பிமாருக்கு இதைச் சொல்லிக்கொள்கிறோம். பறப்பது பெருநாள் சந்தோசத்தில்.

"95இல் கூட ஓடும், காசு திரும்பி வந்துவிடும்" என்பது அடுத்த வாதம். கணக்குப் போடுவோம். 305க்கும் 341க்கும் இடையில் ஏறக்குறைய 12 வீதம். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் கார் 95இல் 15.6க்கு மேல் ஓடினால்தான் காசு சரிக்கட்டும். 309 - 371 என்ற விலையில் 16.8 ஓட வேண்டும்.

அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ இதை 2016இல் சோதித்தது. அவர்கள் ஒக்டேன் கணக்கிடும் முறை வேறு. அங்குள்ள 87 ஏறக்குறைய நமது 92க்குச் சமம். சாதாரண பெற்றோலுக்குச் செய்த கார்களில் விலை கூடிய பெற்றோலை ஊற்றிப் பார்த்ததில் இழுவையிலும் சிக்கனத்திலும் புகையிலும் சொல்லத்தக்க நன்மை எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்கர்கள் வருடத்துக்கு 210 கோடி டொலரை இப்படி வீணாக்குவதாக அந்தச் சங்கம் மதிப்பிட்டது. மறு வருடம், விலை கூடிய பெற்றோல் 'விரும்பத்தக்கது' என்று கம்பனியே சொல்லும் கார்களைச் சோதித்தார்கள். அவற்றில்கூடச் சராசரியாகக் கிடைத்த சிக்கனம் 2.7 வீதம்தான். நமக்குத் தேவை 12 வீதம்!

மூத்த சேர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அமெரிக்காக்காரன் சொல்றது இருக்கட்டும், நம்மட ரோட்டில பார்ப்பம்" என்றார். அதுவும் சரிதான். ஒரு மாதம் 95, ஒரு மாதம் 92, மூன்றாம் மாதம் மீண்டும் 95. அதே செட், அதே பம்ப், முதல் 'கிளிக்' வரைக்கும்தான் நிரப்புவது, ஓட்டுவது சேர் மட்டும். தம்பி கொப்பியில் எழுதினார். மூன்று மாதமும் முடிந்தபோது லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் இடையில் அதைவிடக் கூடிய வித்தியாசம் இருந்தது. நொக்கிங் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் காருக்கு 92தான். மாதம் ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர், 100 லீற்றர். 36 ரூபா இடைவெளியில் 3,600 ரூபா மிச்சம், 62 ரூபா இடைவெளியில் 6,200. அதில் ஒரு பகுதியைக் காரின் ஒயில், டயர் செலவுக்கென்று சேரிடம் கொடுக்கிறோம். எஞ்சினைப் பற்றிய அவருடைய கவலைக்கு நாங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதான். மிச்சம் அவரவர் கைக்கு. தம்பி இப்போதும் எங்களோடுதான் வருகிறார்.

இதை வாசித்துவிட்டு எல்லோரும் 92க்கு மாற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆகக்குறைந்தது 95 வேண்டும் என்று கையேட்டிலோ மூடியிலோ இருந்தால் 95தான் அடிக்க வேண்டும். ஐரோப்பியக் கார்கள் பலவும், டர்போ எஞ்சின் உள்ளவை குறிப்பாக, அப்படித்தான். தட்டல் வந்தால் உணர்கருவி அறிந்து எஞ்சினைச் சமாளிக்க வைக்கும். ஆனால் இழுவை குறையும், பெற்றோல் கூடச் செல்லும். அங்கே 36 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய செலவில் மாட்டக்கூடாது. 'கட்டாயம்' என்பதற்கும் 'விரும்பத்தக்கது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு, அதைக் கவனித்து வாசியுங்கள்.

இன்னொன்று. விலைப்பட்டியலில் 95க்குப் பக்கத்தில் 'யூரோ 4' என்று இருக்கும். அது ஒக்டேனைப் பற்றியதல்ல, கந்தகத்தைப் பற்றியது. யூரோ 4 பெற்றோலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகம் குறைந்தால் புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கும் காற்றுக்கும் நல்லது. அதற்காக 95 அடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான காரணம். வேகம் கூடும், எஞ்சின் கழுவப்படும் என்பதெல்லாம் வேறு கதை. எஞ்சினுக்குள் அழுக்குப் படியாமல் தடுப்பது பெற்றோலில் சேர்க்கும் துப்புரவுப் பொருள். அதற்கும் ஒக்டேன் எண்ணுக்கும் தொடர்பில்லை.

92இல் ஓட வேண்டிய கார் 92இல் தட்டினால், 95ஐ ஊற்றிச் சத்தத்தை மூடாதீர்கள். கார்பன் படிந்திருக்கலாம், ப்ளக் பிழையாக இருக்கலாம், எஞ்சின் கூடுதலாகச் சூடாகலாம். நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் காட்டுங்கள். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் தட்டினால், முதலில் ஒரு கியரைக் குறைத்துப் பாருங்கள்.

2022 ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அன்றைக்கு நாம் எல்லோரும் ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிச் செலவழித்தோம். கையில் கியூஆர் இல்லாத நாளிலும் அந்தப் பழக்கம் இருப்பது நல்லது. இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு ஒரு நிமிடம் எடுத்து உங்கள் வாகனத்தின் பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே செட்டில் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாமல்.