சுவருக்குள் ஒரு பெட்டகம்

காப்பார் வட்டாரத்து வீடுகளிலும் நகைக்காகச் சுவர்ப் பெட்டகம் பொருத்துகின்றனர். வரிசை வீடுகளின் செங்கற்சுவர் பெரும்பாலும் 4½ அங்குலக் கனமே உடையது. அதைக் குடைந்து வைத்த பெட்டகத்தைச் சுவரோடு பெயர்த்துவிடலாம். கான்கிரீட் தரையில் உள்ளிருந்து முடுக்குவதே உறுதி.

பூட்டையும் மிகையாக நம்பலாகாது. திறக்கவே இயலாதெனப் போற்றப்பட்ட சப் பூட்டை, 1851இல் இலண்டன் பொருட்காட்சி நடந்தபோது, அமெரிக்கர் ஹாப்ஸ் அரைமணிக்குள் திறந்து காட்டினார்.

எனவே, முதற்காவல் மௌனமே. ஆனால், ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அம்மாவின் நகை எந்தப் படத்தின் பின்னால் உள்ளது என்பதையும் மூன்றாம் ஆண்டு மாணவர் வெள்ளை மனத்தோடு எழுதிவிடுவர். கடிந்து பயனில்லை. பெற்றோரே, வெளியில் சொல்லக்கூடாதது எது என்பதைப் பெட்டகம் பொருத்தும் நாளிலேயே கற்பியுங்கள். ஆசிரியர்களே, அத்தகைய கட்டுரையை வகுப்பில் உரக்க வாசிக்க விடாதீர்கள்.