அத்தானின் மூங்கில் தடிகள்

கோவைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் தொழுதுவிட்டுப் படிகளில் கால் வைத்தால், ஏழு மலைகளைக் கடந்தே உச்சியில் பாறைகளுக்கிடையே எழுந்தருளியுள்ள சுயம்பு மூர்த்தியைத் தரிசிக்க இயலும். தென்கயிலை என்று அன்பர்கள் போற்றும் தலம். பிப்ரவரி முதல் மே வரையே மலையேறும் காலம்.

என் தமக்கையின் கணவர் பஞ்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். 28 ஆண்டுகள் இம்மலை ஏறினார். அவருக்குக் கோயில் வேறு, காடு வேறு அல்ல. ஐந்தெழுத்தை உச்சரித்தபடி ஏறுபவர், ஒரு பறவையின் குரல் கேட்டால் கையுயர்த்தி அனைவரையும் நிறுத்திவிடுவார். இரவில் ஏறும்போது, மரங்களற்ற இடம் வந்ததும் டார்ச் விளக்கை அணைக்கச் செய்து பிள்ளைகளுக்கு விண்மீன்களைக் காட்டுவார். இறங்கும்போது அவர் தோளில் ஒரு சாக்குப்பை இருக்கும். பிறர் எறிந்த பிளாஸ்டிக் குப்பைகள் அதில் நிறைந்திருக்கும். அடிவாரத்தில் தயிர்சாதத்துடன் காத்திருக்கும் அக்காவுக்கு அதைக் கண்டால் கோபம் வரும். "பிரசாதம் கொண்டு வருவார் என்று பார்த்தால் குப்பையைக் கொண்டு வருகிறாரே!" என்பாள்.

ஒவ்வோர் ஆண்டும் என்னையும் அழைப்பார். "மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு அத்தான், வங்கியில் விடுப்புத் தரமாட்டார்கள்" என்பேன். "ஆகட்டும் மாப்பிள்ளை, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார். மார்ச் 31-இல் கணக்கு முடிந்துவிடுகிறது. சித்ரா பௌர்ணமி அதற்குப் பின்னரே வருகிறது. இதை அவர் அறியாதவர் அல்லர். ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பின் மூட்டுவலியைக் காரணம் சொன்னேன். அது மட்டும் உண்மை.

முந்தைய ஆண்டு ஐப்பசியில் அவர் சிவபதம் அடைந்தார். தலைத்திதி முடிந்து, இந்தப் பங்குனியில் அவருடைய மகன் மலைக்குப் புறப்பட்டபோது, "நானும் வருகிறேன்" என்றேன். அடிவாரக் கடையில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். முதல் மலையின் படிகள் செங்குத்தானவை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைந்தபோது முழங்கால் மடங்க மறுத்தது. "நீ போய் வா அப்பா" என்று மருமகனை அனுப்பிவிட்டு, விநாயகர் முன்னிலையிலேயே இரவைக் கழித்தேன். முன்பின் அறியாதவர்கள், "சாமி, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஊக்கமளித்தபடி கடந்து சென்றார்கள். பொய்தான், ஆயினும் கேட்க இதமாக இருந்தது. பேச்சொலி ஓய்ந்த வேளைகளில் மூங்கில்கள் காற்றில் உரசும் ஓசை கேட்டது. அத்தானாக இருந்தால் எல்லாரையும் நிறுத்தி அதைக் கேட்கச் செய்திருப்பார்.

மறுநாள் முற்பகலில் மருமகன் திரும்பினான். மடித்த துணியில் திருநீற்று மலையின் வெண்மண், தோளில் சாக்குப்பை.

அக்காவின் பூஜையறை மூலையில் அத்தானின் 28 தடிகளும் மஞ்சள் குங்குமத்துடன் சாத்தி வைக்கப்பட்டுள்ளன. மருமகன் தன் தடியை அவற்றோடு வைத்தான். என்னுடையதை நான் வாசலிலேயே விட்டிருந்தேன்; ஏறியது ஒரே ஒரு மலைதானே. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வெளியே சென்று அதை எடுத்து வந்து, நீர் விட்டுக் கழுவி, குங்குமமிட்டு, அந்த வரிசையில் சாத்தினாள்.