146 கிலோமீட்டருக்கு வளைவே இல்லை... டயர் பஞ்சரானால்?

மேற்கு ஆஸ்திரேலியாவில், பலடோனியாவிலிருந்து கைகுனா நோக்கிப் போகும் ஐர் நெடுஞ்சாலை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நீள்கிறது. மருத்துவ விமானம் அவசரமாக இறங்க ரோட்டிலேயே ஓடுபாதைக் கோடுகள் உண்டு. பஞ்சர் கடைதான் கிடையாது. செல்போன் சிக்னலும் பெரும்பாலும் எடுக்காது.

இங்கே மோட்டார்ஹோம் டயர் போனால்? சாலையோர மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் கனமான பலகை வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். கொடுமை என்னவென்றால், புது வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது. ஓட்டையை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் கருவியும்தான். ஆணிக் குத்துக்கு அது போதும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் உதவாது. வாடகைக்கு எடுப்பவர்கள் கட்டிலையும் கிச்சனையும் ரசிப்பதோடு, இதையும் கேட்டுவிடுவது நல்லது.

இருட்டிவிட்டால், மெதுவாக ரோட்டைவிட்டுத் தள்ளி ஓரங்கட்டி, டீ போட்டுக் குடித்துவிட்டுத் தூங்கலாம். வீடுதான் கூடவே வந்திருக்கிறதே!