கதவு போட்ட அலமாரி

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கேஸ் சிலிண்டரை எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதெல்லாம் இணைப்பு வாங்கிய அன்றே கொடுத்த சிறு புத்தகத்தில் தமிழில் இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் மீறினேன்.

சமையலறையைப் புதுப்பித்தபோது சிலிண்டர் கண்ணில் படக்கூடாது என்று மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடச் சொன்னேன். "கீழே காத்துப் போக ஓட்டை போட்டுடட்டுமா சார்?" என்று தச்சர் கேட்டார். கரப்பான் வரும், பார்க்கவும் நன்றாக இருக்காது என்று மறுத்தேன். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும். நம்மை எச்சரிக்கத்தான் அதில் வாடை சேர்க்கிறார்கள். அந்த வாடையையும் நான் கதவுக்குள் அடைத்தேன்.

இரண்டாவது சிலிண்டருக்குச் செய்தது இன்னும் மோசம். மாடிப்படிக்கு அடியில் உயரம் போதாததால் படுக்கப்போட்டேன். பக்கத்திலேயே இன்வெர்ட்டர். நைலான் கயிற்றில் தொங்கிய பாதுகாப்பு மூடியை முதல் வாரத்திலேயே அறுத்தெறிந்திருந்தேன். சிலிண்டர் நிமிர்ந்து நின்றால் வால்வை ஒட்டி இருப்பது வாயு. படுத்துக்கிடந்தால் திரவமே வால்வு வரை வந்துவிடும். அந்தத் திரவம் 1 லிட்டர் கசிந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகப் பெருகும்.

"கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாடை வருதுங்க" என்று மனைவி சொன்னாள். பலமுறை சொன்னாள். வெங்காயம் அழுகியிருக்கும் என்றேன். சமையலறையில் காலையும் மாலையும் நிற்பவள் அவள். எனக்கு அங்கே காபி எடுக்கப் போகும் வேலை மட்டும். அழகு எனக்கு, ஆபத்து அவளுக்கு என்று நான் பிரித்துக்கொடுத்திருந்தேன். இன்று நினைத்தாலும் இதுதான் என்னை அறுக்கிறது.

ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் தானாகவே சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ரப்பர் குழாயின் முனையில் குமிழிகள் வந்தன. 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாய். அதில் அச்சிட்டிருந்த காலம் எப்போதோ முடிந்திருந்தது. மனைவி கேட்டபோது, "எலி கடிச்சிருக்கு" என்றேன். அது பொய். எலி கடிக்கவில்லை, நான் மாற்றவில்லை.

இப்போது அலமாரிக்குக் கதவு இல்லை. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது, அடுப்பு அதற்கு மேலே மேடையில். குழாய் புதிது. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் மட்டும்தான். எதுவும் நடக்காமல் தப்பியதற்கு நான் எந்த வகையிலும் காரணமல்ல.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றே உங்கள் வீட்டு கேஸ் குழாயில் அச்சிட்டிருக்கும் காலத்தைப் பாருங்கள். வாடை வருகிறது என்று வீட்டில் யார் சொன்னாலும் நம்புங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.