வாலாட்டினால் போதுமா?

எங்கள் வலங்கைமானில் நாய்ப் பூங்கா எதுவும் கிடையாது. குடமுருட்டிக் கரைதான் பூங்கா. வெயில் தாழ்ந்ததும் சங்கிலியோடு நாலைந்து வீட்டு நாய்கள் வரும். சங்கிலி இல்லாத ஏழெட்டு நாய்கள் ஏற்கெனவே அங்கே படுத்திருக்கும். ரெண்டு வருசமாக என் நாயோடு தினமும் போகிறேன். பார்த்த வரைக்கும், சங்கிலி இல்லாத நாய்களைவிட சங்கிலியில் வருகிற நாய்களுக்குள்தான் சண்டை அதிகம்.

ரெண்டு தெருநாய்கள் சந்திப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நேராக வராது. வளைந்து, தரையை முகர்ந்தபடி, எனக்கு அவசரமில்லை என்பது போல வரும். பின்பக்கம் முகரும். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். நாமோ மூக்குக்கு மூக்கு கொண்டுபோய் நிறுத்துகிறோம். சங்கிலி இறுகுகிறது. விலகிப் போகவும் வழியில்லை. அப்புறம் அது குரைத்தால் 'திமிர்' என்கிறோம்.

போன மாசியில் அப்படித்தான் ஆனது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கோம்பை வளர்க்கிறார். எதிரே ஒரு சாரின் லாப்ரடார் இழுத்துக்கொண்டு வந்தது.

"வாலை ஆட்டுது பாருங்க, ஒண்ணும் பண்ணாது. விளையாடட்டும்" என்றார் சார்.

கோம்பையும் வாலை ஆட்டியது உண்மைதான். ஆனால் வால் விறைப்பாக, உயரத்தில் நின்று ஆடியது. உதட்டை நக்கியது, தலையைத் திருப்பியது, கொட்டாவி விட்டது. கடைசியில் உறுமியது. லாப்ரடார் மேலே தாவியதும் காற்றைக் கடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரிக்குள் அது 'கடிநாய்' ஆகிவிட்டது.

வால் ஆடுவதெல்லாம் சந்தோசமில்லை. 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு விசயம் கண்டுபிடித்தார்கள். எஜமானரைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது. மிரட்டலான அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம்.

மறுநாளே ஆளாளுக்கு யோசனை. "அடிச்சு அடக்குடா, நீதான் தலைவன்னு அதுக்குத் தெரியணும்." இந்தத் 'தலைவன்' கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-ல் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. 1970-ல் டேவிட் மெக் தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். 1999-ல் அதே மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான், 'தலைவன்' என்ற சொல்லே பொருந்தாது என்று எழுதிவிட்டார். அந்தத் திருத்தம் மட்டும் ஆற்றங்கரைக்கு வந்து சேரவில்லை.

இன்னொருவர் சொன்னது வேறு. "ராத்திரியோட ராத்திரியா கும்பகோணம் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு." அண்ணன் அதற்குப் பாதி தயாராகிவிட்டார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பயம் நியாயமானதுதான்.

"அது கடிக்கலண்ணே. நாலு தடவ வேணாம்னு சொல்லிப் பாத்துச்சு. உறுமுனதுக்கு அடிச்சா, அடுத்த தடவ உறுமாமலே கடிக்கும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொட்டாவி விட்டுச்சே, தூக்கம்னுல்ல நெனச்சேன்" என்றார்.

இப்போது ரெண்டு நாய்களும் பத்தடி இடைவெளியில், ஒரே திசையில், பக்கவாட்டில் நடக்கின்றன. முதல் வாரம் சார் முறைத்துக்கொண்டேதான் வந்தார். மூன்றாவது வாரம் இடைவெளி தானாகக் குறைந்தது. குழந்தைக்கு அண்ணன் ஒரே ஒரு விசயம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: அது தலையைத் திருப்பினா, கையை எடுத்துடணும். அந்த நாலு வயசுப் பெண் அதைச் சரியாகச் செய்கிறாள்.