கை மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் அம்மாவின் கை தையல் மெஷினை அண்ணன்மார் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்களாம். "டீச்சர், நான் எடுத்துக்கட்டுமா? இதெல்லாம் இப்ப ஓடுமா?" என்றாள். போலியோவால் சிறு வயதிலேயே ஒரு கால் பாதிக்கப்பட்டவள். இன்னொரு காலிலும் இப்போது மூட்டு வலி. கால் மெஷின் மிதிக்க முடியாது. மோட்டார் போட்டாலும் பெடலை அமுக்கக் கால் வேண்டுமே! அதனால் "உடனே போய் எடுத்து வா" என்றேன்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பயமில்லை, பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெய்தான். எண்ணெய் ஓட்டைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, மெதுவாகச் சுற்றினால் இளகும். கறுப்பாக வருவதைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்! அதுதான் பிசினாக இறுகிக்கொள்ளும். எண்ணெய் போட்ட பிறகு முதலில் கந்தல் துணியில் தைத்துப் பாருங்கள், புடவையில் அல்ல.

அடுத்து பாபினைப் பாருங்கள். மிகப் பழைய சிங்கர் சிலவற்றில் படகு மாதிரி ஷட்டிலும் நீளமான பாபினும் இருக்கும். அழகுதான், ஆனால் தொலைந்தால் நம் ஊர்க் கடையில் கிடைப்பது கஷ்டம். வட்ட பாபின் என்றால் கவலை இல்லை. இவளுடையது வட்டம்தான்.

ஊசியைக் கழற்றுமுன் அதன் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். புதிய ஊசியையும் அப்படியே மாட்டுங்கள். சாதாரண பருத்தித் துணிக்கு 14ஆம் நம்பர் போதும். தையலுக்கு அடியில் நூல் சுருண்டு நின்றால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பாதித் தடவை குற்றம் மேல் நூலில் இருக்கும். அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோத்துப் பாருங்கள். ஊசித் தகட்டைக் கழற்றி, அடியில் பற்களுக்கு இடையில் அடைந்திருக்கும் பஞ்சையும் எடுங்கள். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

அவளிடம் ஒளிக்காமல் ஒன்றும் சொன்னேன். கைப்பிடி ஒரு சுற்றுக்கு மூன்று தையல்தான் விழும். வலது கை சுற்றுவதற்கே போய்விடும், துணியைப் பிடிக்க இடது கை மட்டுமே. புடவைக்கு ஃபால்ஸ், பாவாடை, தலையணை உறை, பிரித்துத் தைப்பது, இவை நன்றாக வரும். ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றப் பழக்கம் வேண்டும். மொத்தமாக யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்காதே என்றேன். "மாசம் மாத்திரை செலவுக்கு வந்தா போதும் டீச்சர், அவர்கிட்ட கேக்க வேண்டாம் பாருங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மெஷின் இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. சுத்தம் செய்தாயிற்று, தலை நன்றாக ஓடுகிறது. கைப்பிடியின் பெரிய பல்சக்கரத்தில்தான் இரண்டு பல் உடைந்திருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் வழுக்குகிறது.

கை மெஷினைக் கால் ஸ்டாண்டுக்கோ மோட்டாருக்கோ மாற்றியவர்கள் வீட்டுப் பரணில் கழற்றிய கைப்பிடி சும்மா கிடக்கும். ஒரு போல்ட்டில் நிற்கும் சாமான்தான் அது. அதிலிருக்கும் விரல் போன்ற கட்டை சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையில் நுழைந்து சுற்றும். யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவள் மெஷினுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன். பார்சல் செலவு என்னுடையது.