கடதாசி விமானமும் ஒரு பயமும்

1992ஆம் ஆண்டு வைகாசி மாதம் நாங்கள் புரோசார்ட்டுக்குக் குடிவந்தோம். தாஷ்ரோ பெருந்தெருவுக்குக் கிட்ட ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டு. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு சின்னப் பல்கணி. அதுவே எங்களுக்குப் பெரிய மாளிகை.

முதற் சனிக்கிழமை காலை. மனைவி புட்டு அவித்துக்கொண்டிருந்தா. திடீரென்று கூரைக்கு மேலே ஒரு சிறு விமானத்தின் இரைச்சல். ஏழு வயது மகன் அடுத்த கணம் மேசைக்குக் கீழே. அவனை வெளியே கூப்பிட வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், நானும் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தேன்.

"அப்பா, பொம்மர் போட்டுட்டுப் போட்டுதோ?" என்று கேட்டான்.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இத்தாலியின் சியாய் மார்செட்டி விமானத்துக்கு எங்கள் சனம் 'சியாமா செட்டி' என்று பெயர் வைத்திருந்தது. 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு, அந்தச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடுவதுதான் எங்கள் பிள்ளைகள் படித்த முதற் பாடம். ஏ, பி, சி பிறகுதான் வந்தது.

புரோசார்ட்டின் பக்கத்து ஊர் சென் ஹூபேர். அங்கே பழைய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. 1930 ஆகஸ்ட் மாதம் ஆர்-100 என்ற பிரித்தானிய ஆகாயக் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்து அங்கேதான் தரித்து நின்றது. பின்னாளில் அது விமானம் ஓட்டப் பழகுபவர்களின் இடமாகிவிட்டது. வெயில் நாட்களில் அந்தப் பழகுநர்களின் செஸ்னா விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

"இது நல்ல பிளேன், ஒன்றும் செய்யாது" என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். பிள்ளை தலையாட்டுவான். சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழே போவான். சொல்லி விளங்கப்படுத்திப் பயத்தைப் போக்க ஏலாது என்பதை அந்தக் கோடையில் அறிந்துகொண்டேன்.

நான் வடமராட்சியில் பிறந்தவன். தை மாதம் பிறந்தால் எங்களுக்குப் பட்டம்தான் உலகம். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலை என்று எத்தனை வகை! மூங்கிலைச் சீவி, கோதுமைமாப் பசை காய்ச்சி, முச்சை கட்டி, தலையில் விண் பூட்டி ஏற்றினால் இரவிரவாக வானத்தில் கூவிக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் நித்திரை கொண்டோம். என் பிள்ளைக்கு வானம் தந்த சத்தம் வேறு. இதை யோசித்தபோதுதான், கையாலே ஒன்றைச் செய்து பார்ப்போம் என்ற எண்ணம் வந்தது.

மாரிகாலம் வந்தது. வேலையும் குறைந்தது. நூலகத்தில் ஒரு விமானப் புத்தகம் எடுத்து வந்தேன். செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955இல். சிறகின் நீளம் அந்தத்துக்கு அந்தம் 11 மீற்றர், உடல் 8 மீற்றருக்குச் சற்றுக் கூட. ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் சிறகு 22 சென்ரிமீற்றர், உடல் பதினாறரை. மகன்தான் பிரித்துக் கணக்குப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வராமல் வாய்மூடி இருந்த பிள்ளை, கணக்கில் வாய் திறந்தான்.

செலவு பெரிதில்லை. கொஞ்சம் தடித்த வெள்ளை மட்டை, கத்தரிக்கோல், வெள்ளைப் பசை, மை முடிந்த ஒரு பேனை. மடிக்கவேண்டிய கோட்டில் அந்தப் பேனையை அடிமட்டத்தோடு அழுத்தி இழுத்தால் மடிப்பு வெடிக்காமல் நேராக வரும். விமானத்தின் உடலை வளைப்பதற்கு மட்டையை மேசை விளிம்பில் மெதுவாகத் தேய்த்து இழுக்கவேண்டும். மட்டைக்கும் நாரோட்டம் உண்டு. நார் ஓடும் திசைக்கு ஒத்து வளைத்தால் வளையும், மாறி வளைத்தால் முறியும். பசை குறையப் பூசவேண்டும், கூடினால் மட்டை ஊறிச் சுருங்கும். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியாமல் வர்ணப் பென்சிலால் தேய்த்துவிட வேண்டும். மூக்கு பாரமாக இருப்பதற்கு உள்ளே ஒரு சத நாணயங்கள் இரண்டை ஒட்டினோம். அந்தச் சதக் காசைக் கனடா 2013இல் நிறுத்திவிட்டது, எங்கள் விமானத்துக்குள் இன்னும் இருக்கிறது.

சிறகை ஒட்டும் நாளில் அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பா, குண்டு எங்கை கட்டுறது?"

"இதிலை கட்டுறேல்லை. இது ஆக்கள் ஓட்டிப் பழகிற பிளேன்."

"கட்டினால் கட்டலாமோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இல்லை என்று சொன்னால் பொய். சியாமா செட்டியும் விமானிகளைப் பழக்குவதற்கென்றே செய்யப்பட்ட சிறு விமானம்தான். மனைவி குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தா.

"மனிசர் நினைச்சால் எதிலையும் கட்டலாம், ராசா. அங்கை அப்பிடி நினைச்சவை. இஞ்சை மேலை போறவை அப்பிடி நினைக்கேல்லை" என்றேன்.

அவன் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பிளேனிலை பிழை இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிறகை நீட்டினான், பசை பூசுவதற்கு.

பனி கரைந்ததும் அவனைச் சென் ஹூபேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே நின்றோம். மடியில் எங்கள் கடதாசி விமானம். ஒரு செஸ்னா வந்து இறங்கியது. அதிலிருந்து இறங்கியவள் ஒரு இளம் பெண், பதினெட்டு வயது இருக்கும். எங்களைக் கண்டு கை காட்டினாள். மகன் முதலில் என் கையைப் பிடித்தான். பிறகு, விமானத்தைத் தூக்கி அவளுக்குக் காட்டினான்.

அன்றோடு பயம் பறந்துவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. மேசைக்குக் கீழே போவதை அவன் விட்டான். இரவில் திடுக்கிட்டு எழும்புவது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எனக்கோ, கனடா தினத்து வாணவேடிக்கை இன்றும் ஒத்துவராது.

மகன் விமானியாகவில்லை. கணக்காளராக வேலை பார்க்கிறான். விமானங்களில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு அந்த விமான நிலையத்தோடேயே தேசிய விமானத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. விமானம் செய்வது, திருத்துவது எல்லாம் அங்கே பிரெஞ்சு மொழியில் படிக்கலாம்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுகிறதோ, அதைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பயப்படாதே என்று அதட்டவும் வேண்டாம். மாரியில் நேரம் நிறைய இருக்கும். பக்கத்தில் இருந்து ஏதாவது செய்யுங்கள். பட்டமோ, வீடோ, விமானமோ, எதுவானாலும் சரி. மட்டை மலிவு. பயம் இரவில் கூடினால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

போன மாரியில் பேரன் அலுமாரியில் இருந்த அந்த விமானத்தை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

"அப்பப்பா, உள்ளுக்கை என்ன கிலுங்குது?"

"காசு" என்றேன். பசை விட்டுப் போயிருந்தது. இருவருமாகத் திறந்து திரும்பவும் ஒட்டினோம்.